பின்சீட்டுக்காரி

எங்கள் சலவைக்கூடத்தில் விரிப்பை ஒற்றை ஆள் மடிப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் விரிப்பு நீளமும் அகலமும் அதிகம். சூட்டு உருளைக்குள்ளிருந்து வெளியே வரும்போது கை வைக்க முடியாத கொதிப்பு. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு உதற வேண்டும். நெடுக்கில் ஒரு மடிப்பு, மேலே இன்னொன்று. பிறகு ஒருத்தி நடந்துபோய்த் தன் முனைகளை மற்றவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு விரிப்பு. இப்படிச் சேர்ந்து மடிக்கிறவர்களுக்கு ஜோடி என்று பெயர். வருகைப் புத்தகத்தில்கூட ஜோடியாகத்தான் எழுதுவார்கள். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளைத் துண்டு மடிக்கிற மெஷினுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே பேச்சுத் துணைக்கு அந்த மெஷின்தான்.

எனக்கும் என் ஜோடிக்கும் பதினோரு வருடம். என்னைவிட நான்கு வயது சின்னவள். வாய் திறந்தால் அக்காதான். எனக்கு வாய் அதிகம், அவளுக்குக் குறைவு. அதனாலேயே ஒத்துப்போனது என்று எல்லோரும் சொல்வார்கள். அவள் புருஷன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். தினமும் காலையில் பழைய பெட்ரோல் ஸ்கூட்டரில் அவளை வாசலில் இறக்கிவிட்டுத்தான் தன் வேலைக்குப் போவார். மழையானாலும் காய்ச்சலானாலும் அது நின்றதில்லை. கூடத்தில் அவளுக்குப் பின்சீட்டுக்காரி என்று பட்டப்பெயரே வைத்திருந்தோம். வைத்தது நான்தான். பொறாமையில் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் என்னை எங்கேயும் கொண்டுபோய் விட்டவர் இல்லை.

அந்த மனிதர் மூன்று மாதத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில், மீட்டர் பெட்டியைத் திறந்த கையோடு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொண்டுவரப் போன வீட்டுக்காரம்மா திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் அழவில்லை. அழாதவளைப் பார்த்து மற்றவர்கள்தான் அழுதார்கள். மூன்றாவது வாரமே வேலைக்கு வந்துவிட்டாள். என் எதிரே நின்று முனைகளைப் பிடித்தாள், உதறினாள், நடந்துவந்து கொடுத்தாள். அறுநூறும் சரியாக இருந்தது. இடைவேளையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள், ஆறிப்போகும். "குடிடீ" என்றால் குடிப்பாள். ரொட்டியைக் கொடுத்து "தின்னு" என்றால் தின்பாள். சொல்லாவிட்டால் அப்படியே இருக்கும். கூட்டிவந்த ஆட்டோவில் இறங்க மறந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று காவல்காரர் ஒரு நாள் வந்து என்னைக் கூப்பிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் நோட்டீஸ் வந்தது. சலவைக்கூடத்தை ஊருக்கு வெளியே, புறவழிச்சாலைக்கு அப்பால் மாற்றுகிறார்கள். வீட்டிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். விரிப்பு ஜோடிகளெல்லாம் முதல் ஷிஃப்ட், காலை ஐந்தரை. அந்தப் பக்கம் போகிற முதல் பஸ் ஆறேகாலுக்குத்தான் போய்ச் சேரும். அவ்வளவு விடிகாலையில் அத்தனை தூரத்துக்கு ஆட்டோவும் வராது. ஒன்றாம் தேதியிலிருந்து நேரத்துக்கு வர முடியாதவர்கள் விலகல் கடிதம் எழுதித் தரலாம் என்று கீழே ஒரு வரி. தரலாமாம்! என்ன மரியாதை!

எனக்குப் பிரச்சினை இல்லை. என் தம்பி ரொட்டி வண்டி ஓட்டுகிறான், அந்த வழியாகத்தான் போவான். ஆனால் வண்டியில் அவன் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கை. பின்னால் தட்டு தட்டாக ரொட்டி. அவளை ஏற்றிக்கொள்ள வேண்டுமென்றால் ரொட்டியோடு அடுக்க வேண்டும். அவளுக்கோ இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழி இல்லை. மகள் நர்சிங் கடைசி வருடம். அந்தப் படிப்பு முடிகிற வரைக்கும் வீடு ஓட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. அடைமழை பிடித்திருந்தது, ஜன்னலோரம் துணி காயாமல் நாறியது. படிக்கட்டுக்குக் கீழே அந்தப் பழைய ஸ்கூட்டர் காற்று இறங்கி நின்றது. அதைச் சாய்த்துப் பிடித்து ஐந்து உதை உதைத்தால்தான் கிளம்பும். அந்தச் சாய்ப்பு அவருக்கு மட்டும்தான் தெரியும். மேலே அவள் மகளும் கொழுந்தனும் மேஜையில் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். கொழுந்தன் நல்ல மனிதர்தான், ஆனால் எதைப் பற்றியும் நான்கு வீடியோ பார்த்துவிட்டு நாற்பது பேருக்குப் பாடம் எடுப்பார். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. இறந்தவருடைய ஆபீசிலிருந்து வந்த பணம் அதற்குப் போதும் என்றார்கள்.

"அண்ணி, ரேஞ்சு ஒண்ணுதான் முக்கியம். ஒரு சார்ஜுல எவ்ளோ தூரம் போகும்னு பாக்கணும். கம்பெனிக்காரன் நூறுன்னா நாம எழுபதுன்னு எடுத்துக்கணும். மழையில, மேட்டுல இன்னும் குறையும்" என்றார் கொழுந்தன்.

"போக வர இருபத்தெட்டு தானே சித்தப்பா. அதுக்கு எதுக்கு நூறு? நாம மூணாவது மாடி. கீழ பிளக் பாயிண்ட் கிடையாது. பேட்டரிய கழட்டி மேல தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கணும். அதுதான் முக்கியம்" என்றாள் மகள்.

"கழட்டுற பேட்டரின்னா பத்து கிலோ இருக்கும்மா. உங்கம்மா டெய்லி தூக்குவாங்களா?"

"ஏன், ஈரத்துணி மூட்டை என்ன பஞ்சாவா இருக்கு?" என்று நான் சொன்னேன். "இவ தூக்காத பத்து கிலோவா? நீங்க பிரேக்க பாருங்க, லைட்ட பாருங்க. விடியறதுக்கு முன்னாடி போறவ அவ."

"டிஸ்க் பிரேக்குக்கா. அத நான் விடுவேனா?"

"பெரியம்மா, ரிவர்ஸ் கூட இருக்கு, பாருங்களேன். பட்டன அமுக்குனா பின்னாடி போகும்."

"நமக்கெல்லாம் முன்னாடி போறதே பெரும்பாடா இருக்கு, இதுல பின்னாடி வேறயா!"

மகள் சிரித்தாள். கொழுந்தனும் சிரித்தார். யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவித்த முட்டையின் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் உரித்து, ஓட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு முட்டையைக் குப்பைக்கூடையில் போட்டாள். மகள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இன்னொரு முட்டையை எடுத்து உரித்தேன்.

"உனக்கு எப்படி வண்டி வேணும்டீ? நீயும் வாயத் தொறந்து சொல்லேன்."

"எதுன்னாலும் சரிக்கா."

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நான்கு பேருமாகக் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, பளபளவென்று தரை. வரிசையாக வண்டிகள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு விற்பனைப் பெண் ஒவ்வொன்றின் பெருமையையும் மூச்சு விடாமல் சொன்னாள். கொழுந்தன் அவளையே திருத்திக்கொண்டு வந்தார். முதல் வண்டி சின்னது, லேசானது. மகள் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருகிப் பார்த்தாள். அம்மாவை உட்காரச் சொன்னார்கள். அவள் மகளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"முட்டி இடிக்குது" என்றாள்.

இரண்டாவது வண்டியில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் ஏறினாள். "கால் வைக்கிற இடம் ரொம்ப மேல இருக்கு. தூக்கிக்கிட்டு நிக்குது."

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று மாதமாக எதுவென்றாலும் சரி என்றவள் குறை சொல்கிறாள்! எது பிடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிகிறது! அந்தச் சந்தோஷத்தில் நாங்கள் மூன்று பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது பெரிய வண்டி. அகலமான சீட்டு, பின்னால் முதுகுக்கு ஒரு மெத்தைச் சாய்மானம், பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மகள் முன்னால் இருக்க, இவள் ஏறினாள். காலை வைத்தாள். கம்பியைப் பிடித்தாள். முதுகைச் சாய்த்தாள். ஐந்து நிமிடம் இறங்கவில்லை. விற்பனைப் பெண் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"இது நல்லா இருக்கு" என்றாள்.

மகள் திரும்பாமலே அழுதாள், தோள் குலுங்கியதில் தெரிந்தது. கொழுந்தன் தன் பட்டியலை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இதற்குக் கழற்றுகிற பேட்டரியும் இருந்தது, ரேஞ்சும் இருந்தது. அப்புறம் என்ன?

"மேடம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களா?" என்று கேட்டாள் விற்பனைப் பெண்.

"நான் பாக்குறேன்மா. அவங்களுக்கு இனிமேதான் பழக்கணும்" என்று கொழுந்தன் சாவியை வாங்கினார். அவள் பின்னால் ஏறிக்கொண்டாள். தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள். சத்தமே இல்லாமல் வந்து நின்றது. அவளுக்குத் தலைமுடி கலைந்திருந்தது, அதை அவள் சரிசெய்யவில்லை.

ஒன்றாம் தேதிக்கு எட்டு நாள் இருக்கும்போது வண்டி வீட்டுக்கு வந்தது. பதிவு எண் எல்லாம் மாட்டி வந்துவிட்டது. அன்றைக்கு மழை விட்டு வெயில். நான் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கீழ்வீட்டுக்காரர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். மகள் சாவியை அம்மாவின் கையில் கொடுத்தாள். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, நேராகப் போய்ப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

மகள் முன்சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

"அம்மா, முன்னாடி" என்றாள் மகள்.

அவள் இறங்கி முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு காலும் தொங்கின. ஒரு பக்கம் சாய்ந்து எட்டினால்தான் கட்டைவிரல் நுனி தரையைத் தொட்டது. வண்டி ஆடியது. கொழுந்தன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணி, கடையில மூணு வண்டியிலயும் உக்காந்து பாத்தீங்களே!"

"பாத்தேனே. பின்னாடி."

"பின்னாடியா?"

"எனக்குப் பின்னாடிதானே தெரியும்" என்றாள் அவள். அதில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அடக் கடவுளே! நாலு வீடியோ பார்த்த ஆள் ஒருவர், நர்சிங் படிக்கிறவள் ஒருத்தி, வாய் கிழியப் பேசுகிற நான் ஒருத்தி. ஓட்டப்போகிறவளை ஒரு தடவை முன்னால் உட்காரச் சொல்ல எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை. கொழுந்தன் கடைக்குப் போன் போட்டார். பதிவு முடிந்த வண்டியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அவருடைய மூஞ்சி சுருங்கிப்போனது.

மகள்தான் முதலில் பேசினாள். "பரவாயில்ல. நானே அம்மாவ கொண்டுபோய் விடுறேன். டெய்லி."

"உனக்கு ஆறு மணிக்கு வார்டுல டூட்டிடீ. ஊரோட அந்தக் கோடி" என்றேன்.

"இந்த வருஷம் நிறுத்திக்கிறேன் பெரியம்மா. அடுத்த வருஷம் முடிச்சுக்கலாம்."

நான் என் ஜோடியைப் பார்த்தேன். அவள் "சரி" என்றாள். சொல்லிவிட்டு இறங்கித் திரும்பவும் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள், மகள் அப்போதே ஓட்டப்போகிறாள் என்பதுபோல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எறங்குடீ கீழ! அவ படிப்ப நிறுத்துறேங்குறா, உனக்குச் சரியா? இவ்ளோ நாள் ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி உக்காந்த. அந்த முதுகு போயிடுச்சு. இனிமே பெத்த பொண்ணு முதுகா? அவளுக்கும் இருபது வருஷம் இதே பொழப்பா?"

கீழ்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் இறங்கினாள். என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். அதற்கும் சரி! மாடிக்கு ஏறிப்போய்விட்டாள். பிஸ்கட் பொட்டலத்தை மகள் கையில் திணித்துவிட்டு நான் வந்துவிட்டேன்.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது நானும் பேசவில்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவை. நூற்றைம்பதாவது விரிப்போ என்னவோ, முனைகளைக் கொடுக்க நடந்து வந்தவள் கொடுக்காமல் நின்றாள்.

"அக்கா, வண்டி சீட்டு தைக்கிறவர் கடை எங்க இருக்கு?"

"எதுக்கு?"

"மெத்தைய வெட்டிக் குறைக்கலாமாமே. பழைய வண்டிக்கு அவர் ஒரு தடவை ஏத்தினார். ஏத்துனா எறக்கவும் முடியும்ல?"

அடிப் பாவி, ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறாள். என் கையிலிருந்த முனை நழுவியது. விரிப்பு கோணலாகிவிட்டது. திரும்ப உதறி மடித்தோம்.

சீட்டு தைக்கிறவர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தார். வாயில் நூல் முனை, மடியில் ரெக்சின் துண்டுகள். கொழுந்தன்தான் வண்டியை ஓட்டி வந்தார். கப்சிப் என்று ஓரமாக நின்றார். சீட்டுத்துணியை உரித்ததும் உள்ளே மஞ்சள் மெத்தை. அவளை முன்னால் உட்காரவைத்துக் காலை அளந்தார். மேலே மெத்தை, ஓரங்கள் எல்லாம் சேர்த்துச் சீவினால் இரண்டு அங்குலம் கிடைக்கும், முழுப் பாதம் இல்லாவிட்டாலும் பாதிப் பாதம் ஊன்றலாம் என்றார். நீளக் கத்தியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினார். துண்டு துண்டாகக் கீழே விழுந்தது.

"பின்னாடியும் சேத்து எறக்கிடவாம்மா? ஒரே மட்டமா இருக்கும், பார்வைக்கு நல்லா இருக்கும்."

"வேண்டாம்."

"பின்னாடி யாரு உக்காருவாங்க?"

"தெரியல" என்றாள்.

அவர் கத்தியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். தைத்து முடித்த பிறகு அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலிலும் செருப்பின் முன்பாதி தரையில் பட்டது. அவள் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமான்களை ஒவ்வொன்றாக ஏற்றிப் போனதால் பழைய சலவைக்கூடத்தின் முற்றம் காலியாகிக்கொண்டிருந்தது. அங்கேதான் பழக்கினோம். மகள் பக்கத்திலேயே ஓடுவாள். என் ஜோடி சின்ன வயதில் சைக்கிள் விட்டவள், அதனால் தடுமாற்றம் அதிகம் இல்லை. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. திருகினால் போகும், பிடித்தால் நிற்கும். சத்தம் இல்லாததுதான் வம்பு. வண்டி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு நாள் திருகிவிட்டாள், அது துள்ளிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டப் பார்த்தது. பிரேக்கைப் பிடித்துவிட்டாள். நான் அலறிய அலறலில் காவல்காரர் ஓடிவந்தார். அவளுக்கு மூஞ்சியில் ஒரு மாற்றமும் இல்லை. "மறுபடி போறேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "விழுந்தா சேந்தே விழுவோம், போ" என்றேன். அவள் முதுகு விறைப்பாக இருந்தது. தோளைப் பிடித்திருந்த என் கையில் அவள் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. நான்கு சுற்று போனோம். ஓட்டுகிறாளே, பயப்படவாவது செய்கிறாளா, சந்தோஷப்படவாவது செய்கிறாளா என்று கேட்டால், இரண்டும் இல்லை. அறுநூறு விரிப்பை மடிக்கிறதுபோலவே ஓட்டினாள். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பழகுநர் உரிமம் வாங்கப் போனபோதும் ஒரே தடவையில் தேறிவிட்டாள். மகள் படிப்பை நிறுத்த வேண்டி வரவில்லை.

ஒன்றாம் தேதி. ஐந்து மணிக்கே என் தம்பி என்னைப் புதுக் கூடத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். ஒரே பனி. வாசல் விளக்கு மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. உள்ளே பாய்லரைப் பற்றவைத்திருந்தார்கள், சலவைச் சோடா நெடி வெளியே வரை வந்தது. ஒவ்வொரு ஜோடியாக உள்ளே போனார்கள். "உன் ஜோடி எங்க?" என்று மேஸ்திரி கேட்டார். "வருவா" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சரை வரைக்கும்தான் புஸ்தகம் தெறந்திருக்கும்." அது எனக்குத் தெரியாதா! பதினான்கு கிலோமீட்டர், பனி, லாரி போகிற ரோடு. என்னைக் கேட்டால் நான்தான் அவளைக் கொன்றுவிட்டேன் என்று அந்தக் கால் மணி நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாக்கை அடக்கியிருந்தால் மகள் பின்னாலாவது பத்திரமாக வந்திருப்பாள்.

ஐந்து இருபதுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. சத்தமில்லாமல் நெருங்கியது. அவள்தான். ஹெல்மெட், மழைச்சட்டை, தோளில் பை. இடப்பக்கம் ஒதுங்கி, இண்டிகேட்டர் விளக்குப் போட்டு, வளைவில் மெதுவாகத் திருப்பி, வாசல் தூணை ஒட்டி அளந்து வைத்ததுபோல நிறுத்தினாள். எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது.

நிறுத்தியவள் இடது பக்கமாக இறங்கினாள். பையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல், "பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தாள்.

நான்கு அடி வைத்திருப்பாள். பின்னால் தூணில் சாய்ந்து நின்ற வண்டி நழுவிச் சிமென்ட் தரையில் விழுந்தது. கண்ணாடி நொறுங்கியது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அவள் நின்றாள். திரும்பினாள். கிடந்த வண்டியைப் பார்த்தாள். வண்டியின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வந்த ரோடு எல்லாவற்றையும் தேடினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது.

"அடி பட்டுச்சாடீ?"

"அவர் பிடிச்சுக்கிட்டு இருக்கார்னு எறங்கிட்டேன்க்கா" என்றாள்.

அப்போதுதான் அழுதாள். மூன்று மாதத்தையும் சேர்த்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், அந்த வாசலில் சத்தம் போட்டு அழுதாள். உள்ளே போனவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். ஹெல்மெட்டோடு அவளை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். நானும் அழுதேன். மேஸ்திரி எங்களையும் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். உள்ளே போய் எங்கள் ஜோடியை எழுதிவிட்டு வந்தார்.

காவல்காரர் வண்டியைத் தூக்க வந்தார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். மூக்கை மழைச்சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி ஒரே மூச்சில் நிமிர்த்தினாள். காலால் ஸ்டாண்டைத் தேடிப் போட்டாள். வண்டி நிற்கிறதா என்று ஒரு தடவை அசைத்துப் பார்த்தாள். நின்றது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கைப்பிடியை விடாமலே நின்றாள்.